நெய் வழிச் செல்லும் மருந்து



மொழி மன்ற மேடையில் எண்ணெயையும் மாத்திரையையும் பற்றிப் பேச ஒருவர் எழுந்தால், அழைப்பிதழில் ஏதோ மாறிப் போயிற்று என்று அவையோர் ஐயுறக்கூடும். நான் மருத்துவர் அல்லேன். தமிழ் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து, அதையே கற்பித்து ஓய்வு பெற்றேன். ஆயினும், சொற்களைத் துருவிக்கொண்டே போனால் அவை நம்மை வகுப்பறையோடு நிறுத்திவிடுவதில்லை; அடுக்களைக்கும் மருந்தகத்துக்கும் இழுத்துச் செல்கின்றன. கொழுப்பில் கரையும் ஊட்டங்களும் மருந்துகளும் உடம்பில் எவ்வாறு சேர்கின்றன, அச்சேர்க்கையை எவ்வாறு கூட்டலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. அது சிறிய பங்கன்று என்பது என் துணிபு.

நம் பாட்டிமார் வாயில் வழங்கும் ஒரு தொடரிலிருந்து தொடங்குகிறேன். 'என்னத்தைத் தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது' என்பார்கள். மெலிந்த பிள்ளையைப் பார்த்துச் சொல்லும் இத்தொடரில் நுட்பமான ஒரு பகுப்பு அடங்கியிருக்கிறது. பிள்ளை உண்கிறது, உண்டது செரிக்கிறது, ஆனால் ஒட்டவில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', உண்டது செரித்து முடிவதை 'அறு' என்னும் வினையால் குறிக்கிறது. வயிற்றின் வேலை முடிந்தது என்பதே அவ்வினையின் பொருள். முடிந்தபின் அந்தச் சத்து உடம்புக்கு உரியதாயிற்றா என்பது வேறொரு வினா. அந்த வினாவைத்தான் 'ஒட்டுதல்' என்னும் பேச்சுவழக்கு எழுப்புகிறது. இன்றைய மருந்தியல் எழுப்புவதும் அதே வினாதான்.

உடல் உள்ளிழுத்துக்கொள்ளும் இச்செயலுக்கு நம்மிடம் ஒரே கலைச்சொல் இல்லை. ஈழத்துப் பாடநூல்கள் 'அகத்துறிஞ்சல்' என்கின்றன. தமிழ்நாட்டு நூல்கள் 'உறிஞ்சுதல்' என்றும் 'உட்கிரகித்தல்' என்றும் எழுதுகின்றன. எனக்கு ஈழத்துச் சொல்லே உகந்ததாகப் படுகிறது. செயல் எங்கே நிகழ்கிறது என்பதையும் அது உடன் சொல்லிவிடுகிறது. உட்கொண்ட மருந்தில் எவ்வளவு பங்கு இரத்தத்தைச் சென்றடைகிறது என்னும் அளவையை 'உயிரியல் கிடைப்புத் திறன்' என்று மொழிபெயர்ப்போர் உண்டு. மூன்று சொற்களைச் சேர்த்துச் சுமந்தும் பொருள் விளங்காத தொடர் அது. 'உடம்பில் சேர்தல்' என்று மக்கள் சொல்வதிலிருந்து 'உடற்சேர்வு' என்று ஆக்கிக்கொண்டால் என்ன? இவ்வுரையில் நான் அவ்வாறே ஆளப்போகிறேன். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் உரிமை.

இனி, கொழுப்பில் கரையும் பொருள் உடம்பில் சேரும் வழியைப் பார்ப்போம். நம் உடம்பின் உட்புறம் பெரும்பாலும் நீர். வைட்டமின் ஏ, டி, ஈ, கே என்னும் நான்கும் நீரில் கரையாதவை. மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமினும், கேரட்டுக்கும் கீரைக்கும் உரிய பீட்டா கரோட்டினும் அத்தகையவையே. இவை தனியே குடலுக்குள் சென்றால், எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த சட்டியைச் சவர்க்காரமில்லாமல் வெறும் நீரில் அலசும் கதைதான். உடம்பு வைத்திருக்கும் சவர்க்காரம் பித்தநீர். உணவில் கொழுப்பு இருப்பதைச் சிறுகுடலின் முற்பகுதி உணர்ந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை விடுகிறது. கணையம் லிபேஸ் என்னும் நொதியை அனுப்புகிறது. கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து, பித்த உப்புகளோடு கூடி, மைசெல் எனப்படும் மிக நுண்ணிய உருண்டைகளாகிறது. அவ்வுருண்டைகளின் அகத்தே ஒளிந்துகொண்டுதான் வைட்டமின்களும் எண்ணெயில் கரையும் மருந்துகளும் குடற்சுவரை அடைகின்றன. உணவில் கொழுப்பே இல்லையென்றால் பித்தப்பை சோம்பிக் கிடக்கும். உள்ளே சென்றதும் பெரும்பகுதி அப்படியே வெளியேறும்.

பித்தத்தின் இன்றியமையாமைக்கு வைட்டமின் கே ஒரு சான்று. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனியைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தபோது அவை இரத்தம் உறையாமல் இறப்பதைக் கண்டார். அங்கிருந்து வைட்டமின் கே கண்டறியப்பட்டது. 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. பித்தநாளம் அடைத்து மஞ்சட்காமாலை கண்டவர்களுக்கு அறுவையின்போது குருதி நில்லாமல் ஒழுகுவதன் காரணமும் அப்போது விளங்கிற்று. அவர்கள் உணவில் வைட்டமின் கே இருந்தது. அதை உள்ளே கொண்டுசெல்லப் பித்தம் வரவில்லை.

குடற்சுவரைக் கடந்தபின் நிகழ்வது மொழி ஆசிரியர்களுக்குத் தனி மகிழ்ச்சி தரும். மாவுச்சத்தும் புரதமும் செரித்துக் கிடைப்பவை நேரே இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குச் செல்கின்றன. கொழுப்போ கைலோமைக்ரான் என்னும் பொதிகளாகக் கட்டப்பட்டு வேறொரு குழாயில் ஏறுகிறது. அது நிணநீர்க் குழாய். மார்பு வழியே மேலேறி, இடக் காறை எலும்பின் அடியில் உள்ள பெருஞ்சிரையில் சென்று கலக்கிறது. இத்தாலியரான காஸ்பரே அசெல்லி 1622இல், உணவுண்ட நாயின் குடலை அறுத்துப் பார்த்தபோது பால்போல் வெளுத்த நாளங்களைக் கண்டார். உண்ட கொழுப்பே அந்த வெண்மை. இப்போது நம் சொல்லைப் பாருங்கள். 'நிணம்' என்றால் கொழுப்பு. சங்க நூல்களில் ஊனோடு சேர்ந்து பயின்று வரும் பழஞ்சொல். நிணநீர் என்றால் கொழுப்பு கலந்த நீர். இக்கலைச்சொல்லைப் படைத்தவர் கைலோமைக்ரானை எண்ணித்தான் படைத்தார் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் குடலில் அந்நாளங்கள் செய்யும் தொழிலுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் இல்லை. மாணவர்களுக்கு இப்பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியர், பக்கத்து வகுப்புத் தமிழாசிரியரை ஒரு பத்து நிமிடம் கடனாகக் கேட்கலாம்.

'நெய்' என்னும் சொல்லும் அப்படிப்பட்டதே. இன்று அது பசுநெய்யை மட்டும் குறிக்கிறது. முன்பு பசையுள்ள நெய்ப்புப் பொருளுக்கெல்லாம் பொதுப்பெயர். எள்ளின் நெய் எண்ணெய். பிறகு எண்ணெய் என்பதே பொதுப்பெயராகி, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எள்ளில்லாத எண்ணெய்களும் பிறந்தன. தெலுங்கின் 'நூனெ'யிலும் எள்ளைக் குறிக்கும் 'நுவ்வு' உள்ளே இருக்கிறது. 'கொழுப்பு' என்பதற்கோ நம் பேச்சில் செருக்கு என்னும் பொருளும் ஏறிவிட்டது. 'உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு' என்று ஏசாத வீடு உண்டா? மலாய்மொழியில் 'லெமாக்' என்பது கொழுப்பையும் குறிக்கும். தேங்காய்ப்பாலின் சுவைச் செழுமையையும் குறிக்கும். நாசி லெமாக் என்பதில் ஏச்சு இல்லை, இனிமை இருக்கிறது. ஒரே பொருளை இரு மொழிகள் வெவ்வேறு முகத்தோடு பார்க்கின்றன.

இந்நாட்டுக் கொழுப்பு வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெயர் பதிந்திருக்கிறது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். அதன் நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அவ்வழியில் வந்த விதைகளைக் கொண்டு, மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் கோல சிலாங்கூர்ப் பகுதியில் உருவாக்கியவர் ஹென்ரி ஃபோக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசும் பெற்றார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கில ஆவணங்களிலும் அப்பெயரே. பிரெஞ்சுக்காரர் நட்ட ஆப்பிரிக்க மரத்தின் முதல் தோட்டம், தமிழர் நாவில் புழங்கும் தென்னையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிள்ளானிலிருந்து அங்கே சென்று வருவது ஒரு காலைப்பொழுது வேலைதான். பள்ளிச் சுற்றுலாவுக்கு ஆசிரியர்கள் அதையும் எண்ணிப் பார்க்கலாம்.

மரத்தின் பெயர்களும் ஆராயத்தக்கவை. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை வழியாக அதன் எண்ணெய் 'பாமாயில்' என்றே பரவிற்று. இலங்கையில் மரத்தை 'முள்ளுத்தேங்காய்' என்கிறார்கள். நாம் 'செம்பனை' என்கிறோம். பழத்தின் செம்மையைக் கண்டு வைத்த பெயர். அந்தச் செம்மை வெறும் நிறமன்று, கரோட்டின். ஆலையில் பிழிந்தெடுத்த எண்ணெயில், பத்து இலட்சம் பங்குக்கு 500 முதல் 700 பங்கு வரை கரோட்டின் வகைகள் உள்ளன. வைட்டமின் ஏ ஆற்றலாகக் கணக்கிட்டால் சம எடைக் கேரட்டைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு. அதுவும் எண்ணெயில் முன்பே கரைந்த நிலையில் இருக்கிறது. குடல் அதைக் கரைப்பதற்குத் தனியே பாடுபட வேண்டியதில்லை. வைட்டமின் டோகோடிரையினாலும் அதில் மிகுதி. ஆனால் சுத்திகரிப்பில் வெளுப்பு மண் நிறத்தைக் கவர்கிறது. 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வாடை நீக்கும்போது எஞ்சியதும் சிதைகிறது. ஒரு கிலோ நெகிழிப் பையில் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கும் மானிய எண்ணெயில் செம்மை ஏதும் இல்லை. செம்பனை என்னும் சொல்லில் இருக்கும் சிவப்பு சட்டியில் இல்லை. பாங்கியில் அன்று இயங்கிய செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம், கரோட்டினின் பெரும்பகுதி கெடாமல் சுத்திகரிக்கும் முறையை உருவாக்கி, அவ்வெண்ணெய் சந்தைக்கும் வந்தது. ஆனால் நம் வீடுகளில் அது பரவலாக இடம் பிடிக்கவில்லை. எண்ணெய் என்றால் பொன்னிறமாகத் தெளிந்திருக்க வேண்டும் என்பது நம் கண்ணின் பழக்கம். செவ்வெண்ணெயிலும் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்புதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை.

வைட்டமின் ஏ குறைந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சான்று ஒன்று போதும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஏறத்தாழ 15,000 சிறு குழந்தைகளிடம் மதுரை ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. வாரந்தோறும் சிறு அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. மாலைக்கண் வந்தால்தான் குறை என்று எண்ணியிருந்தோர்க்கு இது அதிர்ச்சி. கண் மங்குவதற்கு முன்பே உயிர் போய்க்கொண்டிருந்தது.

'கீரை இருக்கிறதே, முருங்கை கொல்லையிலேயே நிற்கிறதே' என்று நீங்கள் கேட்பீர்கள். கீரையில் கரோட்டின் நிறைய உண்டு, ஒட்டுவதில்தான் சிக்கல். மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மார்க்குக் கரும்பச்சைக் கீரைகளைக் கூடுதலாகக் கொடுத்தும் அவர்கள் இரத்தத்தில் வைட்டமின் ஏ நிலை உயரவில்லை என்று 1995இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இலையின் உயிரணுக்களுக்குள் கரோட்டின் இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது. மேற்குச் சுமத்திராவில், கரோட்டின் மிக்க உணவோடு கொழுப்பையும் சேர்த்து, குடற்புழுவையும் நீக்கியபோது குழந்தைகளின் நிலை தேறியது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. கொழுப்பே இல்லாத சாறு ஊற்றிய பச்சைக் காய்கறிக் கலவையை உண்டவர்கள் இரத்தத்தில் கரோட்டின் ஏறக்குறைய ஏறவே இல்லை; எண்ணெய் சேர்ந்த சாற்றோடு உண்டவர்களிடம் ஏறியது. உடல் மெலிய வேண்டி எண்ணெய் நீக்கிக் காய்கறி தின்னும் நம் இளைஞர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எவ்வளவு எண்ணெய் வேண்டும்? ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம் போதும் என்கிறார்கள் ஊட்டவியலார். ஒரு தேக்கரண்டி. கீரையைப் பொடியாக நறுக்கி வேகவைப்பது, மசிப்பது, தாளிப்பது, இறக்கும்போது தேங்காய்ப்பூவைத் தூவுவது ஆகிய அனைத்தும் பூட்டைத் திறக்கும் செயல்களே. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்புகள் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் கீரைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றினார்கள், சொதி வைத்தார்கள். மலாய்க்காரர் பாக்குக் கீரையை மாசாக் லெமாக் ஆக்குகிறார்கள். சுவைக்காகச் செய்ததுதான். ஆனால் சுவை இங்கே உடற்சேர்வோடு ஒரே திசையில் நடந்திருக்கிறது.

இடையே ஒரு செய்தி. எல்லாச் சத்துக்கும் கொழுப்பு வழியன்று. வைட்டமின் பி1 நீரில் கரைவது. அதன் பகை அரிசியைத் தீட்டுவதும் களைவதும். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் செய்து 1907இல் வெளியிட்ட ஆய்வு, பச்சரிசிச் சோறு உண்டவர்களைப் பெரிபெரி தாக்கியதையும் புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பியதையும் காட்டிற்று. தோட்டத்துத் தமிழரைப் பெரிபெரி அதிகம் தீண்டாமைக்கு அவர்கள் விடாமல் பிடித்திருந்த புழுங்கல் அரிசியே காரணம். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதைப் பற்றித் தனியே ஓர் உரை நிகழ்த்தலாம். இன்று நெய்க்குத் திரும்புவோம்.

மருந்துகளில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. உணவில் சத்துக் குறைந்தால் மெல்லத் தெரியும். மருந்து சேராவிட்டால் நோய் உடனே விடை சொல்லும். படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபல்வின் கொழுப்புணவோடு உண்டால் மிகுதியாகச் சேரும் என்பது 1960களின் தொடக்கத்திலேயே தெரிந்த செய்தி. மலேரியாவுக்கு இன்று கொடுக்கப்படும் ஆர்ட்டிமெத்தர், லூமிஃபேன்ட்ரின் கூட்டு மாத்திரையில், கொழுப்புணவோடு உண்டபோது லூமிஃபேன்ட்ரினின் உடற்சேர்வு 16 மடங்கு வரை உயர்ந்தது. பெரு விருந்து வேண்டியதில்லை. தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வின்படி 36 மில்லிலிட்டர் சோயாபால், அதாவது 1.2 கிராம் கொழுப்பு, பெரும்பயன் தருவதற்குப் போதுமாயிருந்தது. காய்ச்சலில் வாய் கசந்து ஒன்றும் உண்ணாமல் கிடப்பவருக்கு இரண்டு மடக்குப் பால் எவ்வளவு பெரிய பொருள் என்று பாருங்கள்.

மலேரியா என்றதும் கிள்ளான் நினைவுக்கு வர வேண்டும். 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹமிலும் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்துக் கொசுவை ஒடுக்கி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். உலக மலேரியா ஒழிப்பு வரலாற்றில் அந்நகர் முன்னோடி. அதே காலத்தில் தோட்டங்களில் மடிந்த தமிழ்த் தொழிலாளர் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மனிதரிடையே பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் இந்நாட்டில் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் நோலெசி வகை மட்டும் காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது; அந்நோயாளிக்குக் கொடுக்கும் மாத்திரையோடு பால் வேண்டும்.

உணவை நம்பாமல், எண்ணெயை மாத்திரைக்குள்ளேயே அமைத்துவிடும் வழியையும் மருந்தியலார் கண்டனர். உறுப்பு மாற்றம் பெற்றோர் உண்ணும் சைக்ளோஸ்போரின் முதலில் எண்ணெய்க் கரைசலாக வந்தது. அதன் சேர்வு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறிற்று. 1990களில் வந்த நுண்பால்ம வடிவம், வயிற்று நீரைக் கண்டதும் தானே நுண்துளிகளாகப் பிரிந்து, பித்தத்தின் தயவை எதிர்பார்ப்பதைக் குறைத்தது. நம் நாட்டிலும் இவ்வகை ஆய்வு நடந்தது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருந்தியலார், செம்பனை டோகோடிரையினால் வெறும் வயிற்றைவிட உணவோடு இரு மடங்குக்கு மேல் சேர்வதை 2001இல் காட்டினர்; தானே பால்மமாகும் கலவையாக்கியபோது சேர்வு இரண்டு, மூன்று மடங்கு உயர்ந்ததை 2004இல் வெளியிட்டனர்.

இப்போது மொழியின் பங்குக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர், கிள்ளானில் மகன் வீட்டில் இருப்பவர், இடுப்பில் படர்ந்த படர்தாமரைக்கு ஒரு மருந்தகத்தில் கிரிசியோஃபல்வின் வாங்கி வாரக்கணக்கில் உண்டார். குறையவில்லை. உறையின்மேல் மலாயில் 'செலெபாஸ் மாக்கான்' என்றிருந்தது. பேரன் அதைச் 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்று மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தான். சொல்லுக்குச் சொல் அது சரி. ஆனால் அவர் பேச்சில் சாப்பாடு என்றால் சோறு. காலையில் நாம் உண்பது சாப்பாடன்று, 'பசியாறுதல்'. அவரோ நீரிழிவுக்கு அஞ்சி நண்பகலில் சோற்றையே விட்டவர்; இரவு ஒரு கைப்பிடி சோறும் இரசமும். அதன்பின் ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகுமுன், காப்பி ஓ குடித்து மருந்தை விழுங்கினார். எண்ணெயின் சுவடே இல்லை. வேறொரு மருந்தாளர் அவரிடம் பொறுமையாகக் கேட்டறிந்து, கறியோடு உண்ணும் வேளைக்கு மருந்தை மாற்றச் சொன்னார். பிறகு தேறினார். அந்தத் தேற்றம் முழுவதும் எண்ணெயால் வந்தது என்று நான் மெய்ப்பிக்க இயலாது; ஆயினும் மொழிபெயர்ப்பில் என்ன தொலைந்தது என்பதை மெய்ப்பிக்க இயலும்.

மலாயின் 'மாக்கான்' எதை உண்டாலும் பொருந்தும். பிஸ்கட் தின்பதும் அதுவே. தமிழின் 'சாப்பாடு' குறுகியது. 'பிறகு' என்பதற்கோ எல்லையே இல்லை. ஐந்து நிமிடமும் பிறகுதான், இரண்டு மணி நேரமும் பிறகுதான். தமிழில் அந்த எல்லையைக் கட்டும் கருவி இருக்கிறது: 'உண்டவுடன்'. 'உடன்' என்னும் அச்சிறு சொல் காலத்தை நெருக்கிவிடுகிறது. 'உணவோடு' என்றால் இன்னும் நெருக்கம். கொழுப்பு வேண்டிய மருந்துக்கு, 'எண்ணெயோ பாலோ சேர்ந்த உணவை உண்டவுடன்' என்று ஒரே வரியில் எழுதலாம். இதை எழுத முனைவர் பட்டம் வேண்டியதில்லை. நான்காம் படிவ மாணவர் எழுதுவார். வேண்டியது, மருந்தாளரும் தமிழறிந்தவரும் ஒரு மேசையில் அமர்வது.

நம் மரபு இதை எண்ணாமலில்லை. சித்த மருத்துவம் மருந்தைத் தனியே கொடுப்பதில்லை. அனுபானம் என்று ஒன்றைச் சேர்க்கிறது. பின்தொடர்ந்து அருந்துவது என்னும் பொருள்கொண்ட வடசொல் அது. தமிழில் துணைமருந்து என்பர். நெய், பால், தேன், இஞ்சிச்சாறு, வெற்றிலைச்சாறு, வெந்நீர் எனப் பல. நெய்யும் பாலும் அனுபானமாகும் இடங்களில் இன்றைய விளக்கம் இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் தேனில் கொழுப்பு இல்லை. வெற்றிலைச்சாற்றிலும் சொல்லத்தக்க அளவு இல்லை. எல்லா அனுபானத்தையும் மைசெல் கொண்டு விளக்கி, 'முன்னோர் அன்றே கண்டனர்' என்று முழங்குவது மரபுக்கும் பெருமை அன்று, அறிவியலுக்கும் நன்று அன்று.

மிளகின் கதை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998இல், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளாகிய பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, மனிதரில் குர்குமினின் உடற்சேர்வு 2,000 விழுக்காடு உயர்ந்ததாக வெளியிட்டனர். மஞ்சளும் மிளகும் சேர்ந்த குளிகைகள் கடைகளில் நிறைந்திருப்பதற்கு இந்த ஓர் எண்ணே பெருங்காரணம். ஆனால் மிளகு இங்கே கொழுப்பின் வேலையைச் செய்யவில்லை. குடலும் கல்லீரலும் குர்குமினை மாற்றி வெளியேற்றும் வேலையைத் தடுக்கிறது. வாயிலைத் திறப்பது எண்ணெய். காவலனைத் தூங்கவைப்பது மிளகு. காவலன் தூங்கினால் வேறு சரக்கும் உள்ளே போகும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின், இதயத்துக்கான புரோபிரானலால் ஆகியவற்றின் அளவும் பைப்பரினால் இரத்தத்தில் உயரக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இரசத்து மிளகுக்கு அஞ்ச வேண்டியதில்லை; செறிவூட்டிய குளிகையை மருத்துவரிடம் சொல்லாமல் விழுங்குவது தகாது.

கொழுப்பும் அவ்வாறே. தைராய்டு குறைவுக்கு உண்ணும் லெவோதைராக்சினும், காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வெறும் வயிற்றில் உண்ண வேண்டியவை. லூமிஃபேன்ட்ரினுக்கு உதவும் அதே பால், டெட்ராசைக்கிளினைப் பிணித்து உள்ளே விடாமல் தடுக்கும். வைட்டமின் ஏயும் டியும் உடம்பில் தேங்குபவை, மிகுந்தால் நஞ்சு. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு. இந்நிலையில் தேக்கரண்டி என்று நான் சொன்னதைக் கரண்டி என்று எவரும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டா.

மாணவர்களுக்கு ஒரு வேலை தந்து அமர்கிறேன். இவ்வாரம் வீட்டில் உள்ள மருந்து உறைகளின் குறிப்பைத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் சொல்லுங்கள். பின்பு, அதை அவர்கள் எப்போது, எதனோடு உண்பார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, அந்தச் சொற்களை மாற்றாமல் எழுதி வாருங்கள். மருந்தை நீங்களாக மாற்ற வேண்டா. தாளை மருந்தாளரிடம் காட்டுங்கள். ஒரு படியை எனக்கும் கொடுங்கள். 'பசியாறுதல்' எத்தனை வீடுகளில் சாப்பாடாகக் கணக்கிடப்படுகிறது என்பதை நான் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். இனி உங்கள் வினாக்களைக் கேட்கலாம்.